குழந்தையின் இரவை உடைக்காத பயணம்

லண்டனிலோ டொரான்டோவிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், கைக்குழந்தையோடு ஊருக்கு வர டிக்கெட் பார்க்க உட்காரும்போது முதலில் கண்ணில் படுவது விலை. அடுத்தது மொத்தப் பயண நேரம். அதன்பின் எழுகிறது வீட்டுக்கு வீடு விவாதமாகும் கேள்வி: ஒரே மூச்சில் போய்ச் சேர்வதா, நடுவில் ஓர் ஊரில் இறங்கி விமானம் மாறுவதா? 'எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவதுதான் நல்லது' என்பார் ஒருவர். 'பிள்ளை எத்தனை மணி நேரம்தான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், நடுவில் இறங்கினால் கொஞ்சம் ஓடியாடும்' என்பார் இன்னொருவர். இரண்டிலும் அனுபவத்தின் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் எண்ணுவது விமானத்தை; எண்ண வேண்டியது குழந்தையின் உடலை. விமானத்தில் குழந்தையின் காதுக்கும் மூச்சுக்கும் தூக்கத்துக்கும் என்ன நேர்கிறது என்பதை உடலியல் ஓரளவு தெளிவாகவே சொல்கிறது. அதைத் தொடர்ந்து போனால், எத்தனை முறை இறங்குகிறோம் என்பதைவிட, குழந்தையின் உடல் இரவு என்று நம்பிக்கொண்டிருக்கும் நேரத்தை எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதே முக்கியம் என்று புரியும்.

முதலில் விமானத்துக்குள் இருக்கும் காற்று. 35,000 அடிக்கு மேல் பறக்கும்போது வெளியே மனிதர் சுவாசிக்க முடியாத அளவுக்குக் காற்று மெலிந்திருக்கும். எனவே உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் தரைமட்ட அழுத்தத்துக்கு நிரப்புவதில்லை. அப்படிச் செய்தால் விமானத்தின் உடற்கூடு தாங்க வேண்டிய விசையும், அதனால் எடையும் கூடிவிடும். சாதாரணப் பறப்பில் உள்ளிருக்கும் அழுத்தம் 8,000 அடி உயரத்து மலையின் அழுத்தத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதே விதி. 8,000 அடி என்றால் ஏறத்தாழ 2,440 மீட்டர். உதகமண்டலம் 2,240 மீட்டரில் இருக்கிறது. அதாவது, பழைய தலைமுறை விமானங்களில் நீண்ட தூரம் போகும் பயணி ஊட்டியைவிடச் சற்று உயரமான மலையூரில் இருப்பதற்குச் சமமான காற்றைச் சுவாசிக்கக்கூடும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இந்த உயரம் ஏறத்தாழ 6,000 அடி, குன்னூர் அளவு. மீனம்பாக்கத்தில் ஏறும் குழந்தை அரை மணி நேரத்துக்குள் குன்னூருக்கோ ஊட்டிக்கோ போய், சில மணி நேரம் அங்கே இருந்துவிட்டு, மறுபடி அரை மணி நேரத்துக்குள் சமவெளிக்கு இறங்குகிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மலைப்பாதையில் இறங்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். விமானத்தில் அதே மாற்றம் பல மடங்கு வேகத்தில் நிகழ்கிறது.

இந்த வேகத்தை முதலில் உணர்வது காது. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவி, காற்று நிறைந்த ஒரு சிறிய அறை. அந்த அறையைத் தொண்டையின் மேற்பகுதியோடு இணைக்கும் மெல்லிய வழிக்கு யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். விமானம் மேலே ஏறும்போது வெளி அழுத்தம் குறைகிறது. அறைக்குள் இருக்கும் காற்று விரிந்து குழாய் வழியே தானாகவே வெளியேறிவிடுகிறது. கடல் மட்டத்தில் ஒரு லிட்டராக இருக்கும் காற்று 8,000 அடி அழுத்தத்தில் ஏறத்தாழ 1.35 லிட்டராக விரியும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளி அழுத்தம் கூடக்கூடக் காற்று உள்ளே போக வேண்டும். ஆனால் குழாயின் தொண்டைப்பக்க வாய் ஒருவழிக் கதவுபோலச் சேர்ந்து மூடிக்கொள்கிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இயங்கும் ஒரு சிறு தசை இழுத்தால்தான் அது திறக்கும். பெரியவர்களுக்கு இந்தக் குழாய் கிட்டத்தட்ட 45 பாகை சரிவில் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு நீளத்தில் பாதிதான். மேலும் குறுகியது, ஏறக்குறைய படுத்தபடி கிடப்பது. சளியும் வீக்கமும் அதை எளிதில் அடைத்துவிடுகின்றன. பெரியவர் எச்சிலை விழுங்கி, மூக்கைப் பிடித்து ஊதிச் சமாளித்துவிடுவார். எட்டு மாதக் குழந்தைக்கு அந்த வித்தை தெரியாது, அது அழும்.

இதிலிருந்து ஒரு முடிவு நேராகப் பிறக்கிறது. காதுக்கு வரும் சோதனை பறக்கும் மணிக்கணக்கைப் பொறுத்ததல்ல, இறங்கும் எண்ணிக்கையைப் பொறுத்தது. நான்கு மணி நேரம் பறந்து இறங்கினாலும் பதினான்கு மணி நேரம் பறந்து இறங்கினாலும் காது கடக்க வேண்டிய அழுத்த வேறுபாடு ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் ஒருமுறை இறங்கினால் அந்தச் சோதனை இரண்டாகிறது. குழந்தைக்குச் சளி பிடித்திருந்தால், முதல் இறக்கத்திலேயே வீங்கிப்போன குழாயோடு இரண்டாவது இறக்கத்தைச் சந்திக்க வேண்டியிருக்கும். மருந்து கொடுத்து இதைத் தவிர்க்கலாமே என்று கேட்கலாம். மூக்கடைப்பு மருந்தான சூடோஎஃபெட்ரினை விமானப் பயணத்துக்கு முன் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 1999இல் வெளிவந்தது. காது வலி குறையவில்லை, குழந்தைகளுக்கு மந்தமும் தூக்கக் கலக்கமும்தான் கூடின. பயன் தருவது விழுங்குதலே: தாய்ப்பால், புட்டிப்பால், சற்றுப் பெரிய குழந்தைக்குத் தண்ணீர். பல பெற்றோர் சக்கரம் இறங்கும் சத்தம் கேட்டபிறகே பால் கொடுக்கத் தொடங்குகிறார்கள். உள்ளழுத்தம் அதற்கு வெகுமுன்பே, தரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு முன்பே மாறத் தொடங்கிவிடுகிறது. ஆழ்ந்து தூங்குகிறவர் குறைவாகவே விழுங்குகிறார். ஆகவே தூங்கும் குழந்தைக்கு இறக்கம் இரட்டைத் தொல்லை: ஒன்று, வலி வந்து எழுப்பும், இல்லையென்றால் வலி வரக்கூடாது என்று நாமே எழுப்ப வேண்டும். காதும் தூக்கமும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. இறங்கும் எண்ணிக்கை குறைவது நல்லதுதான், ஆனால் மெல்லிய காற்றில் தொடர்ந்து பத்து, பதினைந்து மணி நேரம் இருப்பது குழந்தைக்குக் கெடுதல் இல்லையா? கேட்க வேண்டிய கேள்விதான். 2002இல் வெளியான ஓர் ஆய்வு, நீண்ட பயணம் செய்த ஆரோக்கியமான குழந்தைகளின் இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவை அளந்தது. கிளம்பும் முன் சராசரியாக 98.5 விழுக்காடாக இருந்தது, மூன்று மணி நேரத்துக்குப் பின் 95.7 ஆகவும், ஏழு மணி நேரத்துக்குப் பின் 94.4 ஆகவும் குறைந்தது. நேரம் கூடக்கூட இறக்கமும் கூடுவது உண்மை. 2007இல் 502 பெரியவர்களை 20 மணி நேரம் செயற்கை விமான அறையில் வைத்துச் செய்த ஆய்விலும், 7,000, 8,000 அடிக்குச் சமமான அழுத்தத்தில் சில மணி நேரம் கழித்து உடல் அசௌகரியம் கூடியது. ஆனால் 94 விழுக்காடு என்பது ஆரோக்கியமான குழந்தைக்கு ஆபத்தின் எல்லை அல்ல. ஊட்டியில் பிறந்து வளரும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இதே அளவு மெலிந்த காற்றில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். இந்த ஆய்வுகள் சொல்லும் பாடம் 'நடுவில் இறங்கு' என்பதைவிட 'எந்த விமானத்தில் போகிறாய் என்று பார்' என்பதே. ஒரே தூரத்தைக் குன்னூர் உயரத்தில் கடப்பதும் ஊட்டி உயரத்தில் கடப்பதும் ஒன்றல்ல.

ஆனால் சில குழந்தைகளின் நிலை வேறு. 1998இல் பிரிட்டனில் 34 கைக்குழந்தைகளை, விமானத்துக்குள் இருப்பதற்குச் சமமான 15 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள காற்றில் சில மணி நேரம் இருக்கச் செய்து கவனித்தபோது, பெரும்பாலான குழந்தைகள் தாக்குப்பிடித்தன. நான்கு குழந்தைகளுக்கு மட்டும் ஆக்சிஜன் நிறைவு வெகுவாகச் சரிந்ததால் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. சோதிக்கப்பட்ட 34 குழந்தைகளின் சராசரி வயது மூன்று மாதம். குறைமாதத்தில் பிறந்தவை, நுரையீரல் நோய் இருந்தவை, பிறவி இதயக் கோளாறு உள்ளவை ஆகிய குழந்தைகளுக்கு நேரடியா மாறிப் போவதா என்ற கேள்வியே இரண்டாம்பட்சம். முதலில் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்; மெலிந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுவதே நலம். இவர்களைத் தவிர்த்த, நலமாக இருக்கும் குழந்தைகளைப் பற்றியே இனி வரும் வாதம்.

அடுத்தது தூக்கம், முடிவைத் தீர்மானிப்பதும் இதுதான். சுவிட்சர்லாந்தின் ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெய் 1982இல் முன்வைத்த மாதிரி இன்றும் தூக்க ஆய்வின் அடித்தளமாக இருக்கிறது. இரண்டு சக்திகள் சேர்ந்து நம்மைத் தூங்கவைக்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்துகொண்டே போகும் தூக்கக் கடன். மற்றொன்று, மூளையில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே அமைந்த உடல் கடிகாரம். இருட்டியதும் மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி இரவை அறிவிப்பது அதுதான். பெரியவருக்குத் தூக்கக் கடன் மெதுவாகச் சேரும். பதினாறு மணி நேரம் விழித்திருக்க முடியும். சின்னக் குழந்தைக்கு அது விறுவிறுவென்று ஏறும்; அதனால்தான் பகலிலும் தூங்குகிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2016 பரிந்துரை. நீண்ட பயணத்தின் நேரத்தில் பாதியைக் குழந்தை தூங்கியே கழிக்கத் தயாராக இருக்கிறது என்பதே இதன் பொருள். 'பதினோரு மணி நேரம் எப்படிச் சமாளிப்பது' என்று மலைக்கிற பெற்றோர், அந்தப் பதினோரு மணி நேரத்தில் ஓர் இரவு முழுசாக அடங்கியிருந்தால், தாங்கள் சமாளிக்க வேண்டியது மூன்று நான்கு மணி நேரத்தைத்தான் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

அந்த இரவை நடுவில் வெட்டினால் என்ன ஆகும்? இரவின் முதல் சில மணி நேரத்தில் குழந்தைகள் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கிறார்கள். வாழ்நாளில் இந்த ஆழ்ந்த உறக்கம் மிகுந்திருப்பது சிறு வயதில்தான். அந்த நிலையில் தூக்கி எழுப்பப்படும் குழந்தை உடனே முழுதாக விழிப்பதில்லை. கண் திறந்திருக்கும், அம்மா யார் என்பதுகூடப் பிடிபடாததுபோல் வீறிடும், சமாதானமாகாது. இதைப் பிடிவாதம் என்று எண்ணி அதட்டுவது அநியாயம். மூளையின் ஒரு பகுதி இன்னும் தூக்கத்தில் இருக்கும் நிலை அது. இதோடு வெளிச்சமும் சேர்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று, மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் 1,000 லக்ஸ் வெளிச்சத்தில் விளையாட விட்டது. மெலட்டோனின் 88 விழுக்காடு அடங்கிப்போனது. விளக்கை மங்கவைத்து 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குழந்தையின் கண்மணி பெரிது, வில்லை தெளிவானது. பெரியவரின் கண்ணைவிட அதிக ஒளி உள்ளே போய்விடுகிறது. பெரிய விமான நிலையங்களின் டிரான்சிட் கூடங்களில் நள்ளிரவிலும் பகல்போல விளக்குகள் எரிகின்றன. அந்த வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம் நின்ற குழந்தையிடம், அடுத்த விமானத்தில் ஏறியதும் 'தூங்கு கண்ணே' என்றால் அதன் மூளை ஒப்புக்கொள்ளாது. வெட்டுப்பட்டது ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும், இழப்பது பெரும்பாலும் இரவின் மிச்சத்தை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனில் இரவு எட்டு மணிக்கு ஒரு விமானம் கிளம்பி ஏழு மணி நேரத்தில் துபாயில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் உடல் கடிகாரப்படி அப்போது அதிகாலை மூன்று மணி. ஏறியதும் பரபரப்பு, சாப்பாடு, விளக்குகள். இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு மறுபடி விளக்குகள், அறிவிப்புகள், தொட்டிலிலிருந்து தூக்குதல். இடையில் கிடைப்பது நான்கு மணி நேரம். பிறகு பாதுகாப்புச் சோதனை, நீண்ட நடை, கூட்டம், மறுபடி ஏற்றம். அடுத்த நான்கு மணி நேரப் பறப்பிலும் இதே சடங்குகள். மீந்திருக்கும் தூக்கம் இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். ஓர் இரவு இரண்டு துண்டாகி, இரண்டு இறக்கங்களும் அரைத்தூக்கத்தில் நிகழ்கின்றன. அதே இரவில் கிளம்பி நேராகச் சென்னை வரும் விமானம் இருந்தால், பத்து மணி நேரத்துக்கு மேலான பறப்பில் ஏழெட்டு மணி நேரம் இடையூறின்றிக் கிடைக்கும். ஆனால் நேரடி விமானம் என்பதாலேயே இரவு காப்பாற்றப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. லண்டனில் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பும் நேரடி விமானம் குழந்தையின் கணக்கில் இரவு பதினொன்றுக்குத் தரையிறங்கும். பகல் முழுவதும் விமானத்தில் விழித்திருந்து, அப்போதுதான் ஆழ்ந்து தூங்கத் தொடங்கிய குழந்தையைக் குடியேற்றச் சோதனை வரிசைக்குத் தூக்கிப்போக வேண்டும். நேரடியா இல்லையா என்பது பாதிக் கேள்வி. எந்த நேரத்தில் என்பது மீதிப் பாதி.

இப்போது எதிர்த்தரப்பின் மிக நியாயமான வாதத்துக்கு வருவோம்: குழந்தைக்கு ஓட்டம் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடமாவது உடலசைவோடு இருக்க வேண்டும் என்கிறது. தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. விழித்திருக்கும் இரண்டரை வயதுப் பிள்ளையை எட்டு மணி நேரம் இருக்கையில் வைப்பது அந்த உடலின் இயல்புக்கே எதிரானது. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆகவே நடுவில் இறங்குவது சில நேரங்களில் மிக நல்ல முடிவு. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, அந்த இறக்கம் குழந்தையின் பகலில் விழ வேண்டும். இரண்டாவது, அதில் உண்மையாகவே ஓடுவதற்கு நேரம் இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேர இடைவெளியைக் கணக்கிட்டுப் பாருங்கள். குழந்தையோடு, பைகளோடு விமானத்திலிருந்து வெளியே வர இருபது, முப்பது நிமிடம். சோதனைக்கும் அடுத்த வாயிலுக்கு நடப்பதற்கும் அரை மணி நேரம். போர்டிங் தொடங்குவது கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு. ஓடுவதற்கு மிஞ்சியது ஏதுமில்லை. பெற்றோர்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மூன்றிலிருந்து ஐந்து மணி நேர இடைவெளி, குழந்தையின் காலையிலோ மாலையிலோ அமைந்தால், விளையாட்டு இடமுள்ள நிலையத்தில் ஒரு மணி நேரம் ஆடிக் களைத்து, வயிறாரச் சாப்பிட்டு, உடை மாற்றிக்கொண்டு அடுத்த விமானத்தில் ஏறும் குழந்தை நன்றாகவே தூங்கும். அப்போது அந்த இறக்கம் இரவை வெட்டுவதில்லை. இரவுக்கு ஆயத்தம் செய்கிறது.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போகிற குடும்பங்களுக்குப் பெரும்பாலும் ஓர் இடத்திலாவது இறங்காமல் முடியாது. அவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது: எங்கே இறங்குவது? சான் பிரான்சிஸ்கோவுக்குத் துபாய் வழியே போனால், ஏறத்தாழ நான்கு மணி நேரமும் பதினாறு மணி நேரமுமாகப் பயணம் பிரிகிறது. ஃபிராங்ஃபர்ட் வழியே போனால் ஏறத்தாழ பத்து மணி நேரமும் பதினொரு மணி நேரமுமாகச் சம பாதியாகிறது. சென்னையிலிருந்து மேற்கே போகும் பல விமானங்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புகின்றன. அந்த நேரத்தில் நான்கு மணி நேரப் பறப்பு குழந்தைக்கு இரண்டு, இரண்டரை மணி நேரத் தூக்கத்தைத் தந்துவிட்டு விழிக்கவைக்கும். பிறகு முன்னால் நிற்பது பதினாறு மணி நேரம். முதல் பறப்பு பத்து மணி நேரமானால் மிச்ச இரவு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்; இறங்கும்போது குழந்தைக்குப் பகல்; ஓடலாம். இறங்கும் எண்ணிக்கை ஒன்றே, மொத்தப் பறப்பு நேரமும் ஏறக்குறைய ஒன்றே என்றாலும், வெட்டு விழும் இடம் மாறினால் பயணமே மாறிவிடுகிறது. ஆனால் மாலையில் கிளம்பும் விமானமானால் இந்தக் கணக்கு தலைகீழாகலாம்: வளைகுடாவில் இறங்குவது வழக்கமாகத் தூங்கும் நேரத்தையொட்டி அமைந்து, அடுத்த பதினாறு மணி நேரத்தில் ஒரு முழு இரவு கிடைக்கக்கூடும். ஊர்ப்பெயரை வைத்து முடிவு செய்வதைவிட மணியை வைத்து முடிவு செய்வது நல்லது.

நேரடிப் பறப்புக்கும் எல்லை உண்டு. 2018 மார்ச்சில் தொடங்கிய பெர்த்–லண்டன் விமானம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டரைப் பதினேழு மணி நேரத்தில் கடக்கிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டரைக் கடக்கும் விமானம் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் பறக்கிறது. ஓர் இரவு பத்து மணி நேரம் என்றால், இந்தப் பயணங்களில் அதற்கு வெளியே ஏழெட்டு மணி நேர விழிப்பு மிஞ்சுகிறது. ஆறு மாதக் குழந்தைக்கு அது பிரச்சினை அல்ல. அது மறுபடியும் இருமுறை தூங்கிவிடும். ஐந்து வயதுக் குழந்தை படம் பார்க்கும், வரையும், பேசும், காரணம் சொன்னால் கேட்கும். சிக்கல் நடுவில் நிற்பவர்களுக்குத்தான்: நடக்கத் தெரிந்து, காத்திருக்கத் தெரியாத ஒன்றரையிலிருந்து மூன்றரை வயதுக்காரர்களுக்கு. மிக நீண்ட நேரடிப் பறப்பைவிட, பகலில் விழும் ஒரு நல்ல இடைவெளி உண்மையில் பலன் தருவது இந்த வயதுக்குத்தான். 'குழந்தைகள்' என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடுவதால்தான் வீடுகளில் இந்த விவாதம் முடிவதே இல்லை. பிறந்து இரண்டு மூன்று மாதங்கள் வரை குழந்தையின் உடல் கடிகாரமே சரியாக ஓடத் தொடங்கியிருக்காது. அதற்கு இரவும் பகலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த வயதுக்குத் தூக்கத்தைவிடக் காதும் மூச்சும்தான் கணக்கு. அவற்றுக்கு ஒரே இறக்கம், புதிய விமானம், உரிய மருத்துவ ஆலோசனை போதும்.

பெற்றோரின் உடலையும் மறந்துவிடக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பின் கால் இரத்தநாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் 2007இல் அறிவித்தது. ஆரோக்கியமானவருக்கு அது ஆறாயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான். ஆனால் அண்மையில் பிரசவித்த தாய்க்கு இயல்பிலேயே அந்த வாய்ப்பு அதிகம். நடுவில் இறங்கி நடந்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பல விமானங்களில் போவதும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எந்த வழியில் போனாலும் அடிக்கடி எழுந்து நடப்பதும், மருத்துவர் சொன்னால் அழுத்தக் காலுறை அணிவதுமே பாதுகாப்பு. கூடுதலாக ஒருமுறை ஏறி இறங்குவது விபத்து அபாயத்தைக் கூட்டாதா என்று கேட்பவர்களும் உண்டு. அந்த அபாயம் தூரத்தைவிட ஏற்ற இறக்கங்களைச் சார்ந்தது என்பது சரிதான். ஆனால் 2018–2022 காலத்தில் உலகளவில் 1 கோடியே 37 லட்சம் பயணி ஏற்றங்களுக்கு ஓர் உயிரிழப்பு என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்ட் பார்னெட் குழு கணக்கிட்டிருக்கிறது. அவ்வளவு சிறிய எண்ணை இரட்டித்தாலும் அது நம் முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்கு வளராது.

கடைசி எதிர்ப்பு பணம். அதை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியாது. நேரடி விமானம் பெரும்பாலும் விலை அதிகம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் ஊரில் ஒரு மாதச் செலவாக இருக்கலாம். மலிவான வழியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் குழந்தைக்குக் குறை வைத்துவிட்டார்கள் என்று சொல்ல இந்த ஆய்வுகளில் எதுவும் இடம் தரவில்லை. இங்கே சொன்ன தொல்லைகள் எல்லாம் ஓரிரு நாளில் தீர்பவை. ஆனால் விலையை ஒப்பிடும்போது எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒரே விலையில் நள்ளிரவு இடைவெளியும் பகல் இடைவெளியும் கிடைக்கும்போது, மொத்த நேரம் இரண்டு மணி கூடினாலும் பகலைத் தேர்ந்தெடுப்பது லாபம். இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் வேறு விமானத்தில் அனுப்பும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் பெற்றோருடையது. மிச்சப்படுத்திய பணம் போதுமானால், மடியில் பயணிக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கையும் அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையும் வாங்கலாம். விமானம் குலுங்கும்போது பெற்றோரின் கைகள் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் போதாமல் போகலாம் என்பதால், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பரிந்துரைப்பது அதைத்தான். அந்த இருக்கையில் குழந்தை படுத்துத் தூங்கவும் முடியும்.

ஆகவே டிக்கெட் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். கிளம்பும் ஊரின் நேரப்படி, புறப்படுவதிலிருந்து வீடு போய்ச் சேர்வது வரை ஒரு நீண்ட கோடு போடுங்கள். அதில் குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரத்தை, எட்டு முதல் ஆறு வரை என்றால் அதை, கருப்பாகத் தீட்டுங்கள். விமானம் ஒவ்வொரு முறை ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் ஒரு குறி வையுங்கள். கருப்புப் பட்டைக்குள் விழும் குறிகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை குறைவாக உள்ள பயணம், அது நேரடியானாலும் நடுவில் இறங்குவதானாலும், உங்கள் குழந்தைக்கு ஏற்ற பயணம். இரண்டு வழிகளிலும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால், தரையிறங்கும் எண்ணிக்கை குறைந்ததை எடுங்கள்; காது நன்றி சொல்லும். அதுவும் ஒன்றாக இருந்தால் விலை குறைந்ததை எடுங்கள். ஊரில் தாத்தா பாட்டி காத்திருக்கும் வாசலில், தூங்கி எழுந்த முகத்தோடு குழந்தை இறங்குவதற்கான வாய்ப்பு அந்தக் கருப்புப் பட்டை முழுசாக இருக்கும் பயணத்தில்தான் அதிகம்.